ஆமினா உம்மா கொடுத்த பால்

ஹட்டன் கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த ஆமினா உம்மாவுக்கு, ரபீக்காவை எடுத்து வளர்த்தது பெரிய பெருமை. எடுத்தது ஒரு நாள், சொல்லிக்காட்டியதோ இருபது வருஷம். காய்ச்சலில் தாய் தகப்பனை இழந்த கைக்குழந்தையை ஆட்டுப்பால் புகட்டிக் காப்பாற்றிய கதையை, சம்பள ஞாயிறன்று சீத்தைத் துணி வாங்க வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம்கூட விடமாட்டார். அவர் மகன் நஸாரும் அப்போது பால்குடி மறக்காத பிள்ளைதான். தன் பாலை மகனுக்கு வைத்துக்கொண்டு, அநாதைக்கு ஆட்டைக் காட்டிய தர்மவதி! அந்தப் பெண்களும் பாவம், துணி கிழித்துத் தரும்வரை கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

வளர்ப்பு மகளாம். சமைப்பது, துவைப்பது, ரவிக்கை தைப்பது எல்லாம் மகளுக்கு. பெருநாள் புடவை மட்டும் மகளுக்கு இல்லை.

அந்த வீட்டில் ரபீக்காவுக்கு இருந்த ஒரே ஆறுதல் நஸார். "ஒன்ன விட்டுட்டு இன்னொருத்திய நிக்காஹ் செஞ்சா நான் ஆம்பளையே இல்ல" என்று தேயிலை மலை ஓரத்தில் நின்று வாக்குக் கொடுத்தவன். அவள் நம்பினாள். அவளிடம் அன்பாகப் பேசிய ஒரே வாய் அதுதான், நம்பாமல் என்ன செய்வாள்?

கண்டி மொத்த வியாபாரியின் மகள் செரீபாவுக்கு அவனைக் கேட்டு ஆள் வந்தபோது, ரபீக்கா அவனைப் பிடித்துத் தள்ளாத குறையாக உம்மாவிடம் அனுப்பினாள். அவனும் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னான். உம்மா கத்தவில்லை. பள்ளிவாசல் லெப்பையை அழைத்து வந்து நடு வீட்டில் உட்காரவைத்தார்.

"லெப்பை, ரபீக்காவுக்கு நான் என் பால குடுத்திருக்கேன். இதுக ரெண்டும் நிக்காஹ் செய்யலாமா?"

"அஸ்தஃபிருல்லாஹ்! ஒரு தாய்கிட்ட பால் குடிச்சதுக கூடப்பொறந்ததுக மாதிரி. அந்தப் பேச்சே ஆகாது."

ஆட்டுப்பால் கதை ஹட்டன் முழுக்கத் தெரியும். நஸாருக்கு மட்டும் தெரியாதா? தலையைக் குனிந்துகொண்டான். குனிந்த அவன் முகத்தில் ரபீக்கா கண்டது துக்கமல்ல, நிம்மதி.

உம்மாவுக்கு அதுவும் போதவில்லை. செரீபா வருவதற்குள் இவளை வீட்டைவிட்டுக் கிளப்ப வேண்டும். மஸ்கெலியாவில் பலசரக்குக் கடை வைத்திருந்த உம்மாவின் தம்பி மீராசாஹிப், மனைவியை இழந்தவர். பல்லும் முடியும் போட்டி போட்டு உதிரும் வயதில், ரபீக்காவைக் கண்டால் மட்டும் மனிதருக்கு இளமை திரும்பிவிடும். அவருக்கே பேசி முடித்தார் உம்மா.

நிக்காஹ் அன்று, அடுப்படியிலிருந்து வந்த பிரியாணி வாசனையில் லெப்பை பாதி மார்க்கத்தை மறந்திருந்தார்.

"மகள், மீராசாஹிப நிக்காஹ் செய்யச் சம்மதமா?"

திரைக்குப் பின்னாலிருந்து ரபீக்கா கேட்டாள்: "ஒரு சந்தேகம் லெப்பை. எனக்குப் பால் குடுத்தது உம்மான்னா, உம்மாவோட தம்பி எனக்கு என்ன முறை?"

லெப்பை திடுக்கிட்டார். "தாய்மாமன்! யா அல்லாஹ், ஹராமாச்சே!"

தோட்டத்துச் சனங்கள் தாய்மாமனைக் கட்டுவார்கள். இவர்கள் மார்க்கத்தில் அதை நினைக்கவே கூடாது. மீராசாஹிப் துள்ளி எழுந்து அக்காவிடம் பாய்ந்தார்.

"ராத்தா, நீ எங்க பால் குடுத்தே? ஆட்டுப்பாலுன்னுதானே ஊரெல்லாம் சொன்னே!"

"குடுத்தீங்களா, இல்லையா?" என்று லெப்பை உம்மாவைக் கேட்டார்.

இல்லை என்றால் நஸார் கைவிட்டுப் போவான், ஆமாம் என்றால் தம்பி போவான். உம்மா மகனைப் பார்த்தார். திரை இடுக்கு வழியாக ரபீக்காவும் அவனைத்தான் பார்த்தாள். இத்தனைக்குப் பிறகும் வெட்கங்கெட்ட மனசு ஆசைப்பட்டது. இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லமாட்டானா?

"உம்மா அன்னைக்கு லெப்பைகிட்ட சொன்னதுதான் சரி" என்றான் நஸார்.

ரபீக்காவுக்கு அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. இவனுக்காகவா இத்தனை நாள் உருகினோம்? திரையை விலக்கிக்கொண்டு சபைக்கு வந்தாள்.

"ஆமா லெப்பை. நான் உம்மாவோட பால் குடிச்ச மகள்தான். இனி யாரும் மாத்திப் பேச வேணாம்."

பிறகு நஸாரைப் பார்த்தாள். மச்சான் என்றே அழைத்துப் பழகிய வாய், முதல் தடவையாக அண்ணன் முறை வைத்தது.

"நானா, மாமாவ பஸ் ஏத்தி விட்டுட்டு வாங்க."