மேன்மைச் சங்கம் நடத்திய போட்டி

தவசிமுத்து வாத்தியாருக்கு ஒரு குணம் உண்டு. யாராவது மடக்கிக் கேள்வி கேட்டுவிட்டால் உடனே ஒரு விழாவை அறிவித்துவிடுவார். அதற்கப்புறம்தான் யோசிப்பார். இது அவருக்கே நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், வாய் முந்திக்கொள்கிறதே.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஏழு பள்ளிக்கூடங்களில் மாணவர் மேன்மைச் சங்கம் என்று ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். நல்ல மார்க் வாங்குகிற பிள்ளைகள் அங்கத்தினர்கள். அவர்கள் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லை. காரியதரிசி என்ற முறையில் தமக்கும் ஒன்று செய்துகொண்டார், பிள்ளைகளுடையதைவிடச் சற்றுப் பெரிதாக. ஐம்பத்து மூன்றாம் வருஷம் வந்த கல்வி அதிகாரி அந்த வில்லையை உற்றுப் பார்த்துவிட்டு, "இந்தச் சங்கத்தால் படிப்பு வராத பிள்ளை ஒன்றாவது தேறியிருக்கிறதா? இல்லையென்றால் கலைத்துவிடலாமே" என்றார்.

"சிறந்த செயல்முறைப் போட்டி நடத்தப்போகிறோம் சார். ஒவ்வொரு கிளையும் தான் செய்கிற நல்ல காரியத்தைச் சொல்லும். ஜெயிக்கிறதை மற்றக் கிளைகளும் பின்பற்றும்" என்று சொல்லிவிட்டார் வாத்தியார். சொன்ன பிறகுதான், எந்தக் கிளை என்ன செய்கிறது என்று தாம் ஒருநாளும் விசாரித்ததில்லை என்பது உறைத்தது. மாதம் ஒரு தடவை போவார், முக்கால் மணி நேரம் பேசுவார், மோர் குடித்துவிட்டுத் திரும்புவார். அவ்வளவுதான் அவருக்கும் மேன்மைக்கும் உள்ள தொடர்பு. ஆனால் சங்கம் போய்விட்டால் தாம் வெறும் சரித்திர வாத்தியார்தானே என்று நினைத்து, அன்றைக்கே ஏழு கிளைகளுக்கும் கடிதம் போட்டார்.

போட்டி ராயபுரத்தில் நடந்தது. முதலில் மேடையேறிய ராயபுரம் கிளைத் தலைவன் இக்னேஷியஸ், தாங்கள் தினமும் வகுப்பறையைப் பெருக்குவதாகச் சொன்னான். இரண்டாவது கிளையும் பெருக்குவதாகச் சொன்னது. ஆறாவது கிளை கையோடு துடைப்பத்தையே கொண்டுவந்திருந்தது. அதிகாரி கொட்டாவி விட்டார்.

வாத்தியார் இக்னேஷியஸை ஓரமாக இழுத்துப்போய், "என்னலே இது?" என்றார்.

"போட்டின்னு சொல்லிட்டீங்க. நெசத்த சொன்னா மத்தவன் சுட்டுக்கினு பூடுவான்ல சார்?"

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய அப்பா கொத்தவால் சாவடியில் வெல்ல மண்டி வைத்திருந்தவர். சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சாகும்வரை சொன்னதில்லை. அந்த வீட்டில் பிறந்துவிட்டு, போட்டியையும் வைத்து ரகசியத்தையும் சொல்லச் சொன்ன புத்திசாலி தாம் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியாகத் திருவொற்றியூர்க் குப்பத்துப் பள்ளியின் மலர்க்கொடி வந்தாள். எட்டாம் வகுப்பு. தங்கள் பள்ளியில் அந்த வருஷம் யாருமே பெயிலாகவில்லை என்றாள். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து, "அது எப்படியம்மா?" என்று கேட்டார்.

"அத சொல்லக் கூடாது சார்" என்றாள் அவள்.

வாத்தியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்படித்தான் நினைத்தார். எந்தப் பக்கம் மீன் கிடைத்தது என்று குப்பத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், சொன்னால் மறுநாள் எல்லாப் படகும் அங்கேதான் நிற்கும் என்று அதிகாரிக்கு ஒரு சின்னப் பிரசங்கமே செய்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"இது கடல் இல்லம்மா, பள்ளிக்கூடம். சொன்னா மீன் ஓடிராது."

"ஓடிடும் சார்."

கூட்டம் சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார், எல்லாரையும்விட அதிகமாக. பிறகு குனிந்து, "சங்கத்தையே கலைச்சிருவாங்கம்மா" என்று மெல்லச் சொன்னார். மலர்க்கொடி அவருடைய வியர்த்த முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். சொல்லிவிட்டாள்.

"சாயந்தரத்துல கிழிஞ்ச வலை பின்றதுக்குன்னு கரையில ஒக்காருவோம் சார். படிப்பு வராத பசங்களும் வருவாங்க. மடியில வலை கீது, வாயில கணக்கு. யாரு சொல்லித்தராங்க, யாரு கத்துக்கறாங்கன்னு பாக்கறவங்களுக்குத் தெரியாது. அதனாலதான் வராங்க."

அதிகாரி எழுந்து கைதட்டினார். பரிசு அங்கேயே முடிவானது. ஏழு கிளைகளும் இதையே செய்ய வேண்டும், பலனடைந்த பிள்ளைகள் எழுந்து நிற்கட்டும் என்றார். ஒருவரும் எழவில்லை. குப்பத்துப் பையன்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் தலைகள் குனிந்தன. மாரியப்பன் என்ற பையன் மட்டும் எழுந்தான், வெளியே போய்விட்டான். வாத்தியார் அதைப் பார்த்தார். ஆனால் அந்தச் சமயம் அவர் கழுத்தில் மாலை விழுந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை சாயந்தரம் தம்முடைய சிறந்த செயல்முறையை நேரில் கண்டு பாராட்ட, பேச்சையும் தயார் செய்துகொண்டு கரைக்குப் போனார். மலர்க்கொடியும் சங்கத்துப் பிள்ளைகள் நாலு பேரும் வலையோடு உட்கார்ந்திருந்தார்கள். வேறு யாரும் இல்லை.

"மத்தவங்க எங்கம்மா?"

"இத்த மக்கு ஸ்கூலுன்னு குப்பமே கூப்புடுது. எப்டி சார் வருவாங்க?"

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. வாத்தியாருக்கு வெட்கமாக இருந்தது, அழுகை வரும்போலவும் இருந்தது. தயார் செய்து வந்த பேச்சை விட்டுவிட்டு, கஞ்சி போட்ட வேட்டியோடு மணலில் உட்கார்ந்து, "எனக்குச் சொல்லிக்குடு" என்றார்.

வலையையும் ஊசியையும் கொடுத்தாள். முதல் முடிச்சிலேயே சட்டைப் பொத்தானையும் சேர்த்துக் கட்டிவிட்டார். பிள்ளைகள் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மறுநாள் அவர் பின்னுகிற அழகைப் பார்க்க நாலைந்து பேர் வந்து நின்றார்கள். அதற்கடுத்த நாள் குப்பத்தில் பாதி வந்தது. மக்கு ஸ்கூலில் சாரைப்போல் மக்கு யாருமில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மாரியப்பன் வந்தான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். பொறுக்கவில்லை.

"இன்னா சார் இது, இந்த ஓட்டையில படகே பூந்து பூடும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து ஊசியைப் பிடுங்கினான். அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள்.

மலர்க்கொடி தலையைத் தூக்காமலே, "பதினாறு ஏழு எவ்ளோடா?" என்றாள்.

"நூத்திப் பன்னெண்டு" என்றான் அவன், கண்ணை வலையிலிருந்து எடுக்காமல்.

வாத்தியார் இன்னொரு ஊசியை எடுத்து அடுத்த கண்ணியையும் கோணலாகக் கட்டினார். முடிச்சு அவருக்குப் புதன்கிழமையே பிடிபட்டுவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.