நான்காம் குழியை மூடும் நாள்

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, ஒட்டுக்கேட்டேன். எங்கள் ஊர் கோல்ஃப் கிளப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தேன். அடுப்படி வாசலில் நின்று எவரிஸ்டோ சபாலா, கூடத்தை நடத்தும் புருனில்டாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எவரிஸ்டோ மைதானத்தின் புல்லைப் பராமரிப்பவர். மெதுவாகப் பேசத் தெரியாதவர். அதனால் ஒட்டுக்கேட்டேன் என்பதுகூட முழு உண்மையில்லை. காதைப் பொத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

பூமியின் தென்பாதியில் இருக்கும் இந்தப் பாம்பா சமவெளிக்கு வந்து என் தலை நரைத்துவிட்டது. கோல்ஃப் ஆட வராது. பூசணிக்காய் சூப்புக்காகக் கிளப்புக்குப் போகிற ஜாதி நான். ஆனாலும் ஏப்ரல் பிறந்து, பாதையோர மரங்கள் பழுத்து உதிர ஆரம்பித்தால் எனக்குள் என்னவோ செய்கிறது. நம் ஊரில் தார் உருகும் மாதத்தில் இங்கே இலை உதிர்கிறது. ரயில் ஓடிய காலத்தில் தலைநகரிலிருந்து ஆட்டக்காரர்கள் கோல் மூட்டைகளோடு வந்து இறங்குவார்களாம். நான் பார்த்ததில்லை. பார்த்தவனைப் போல ஏங்குகிறேன். ஏக்கத்துக்கு அனுபவம் தேவையில்லை என்பதை இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அன்று வானம் அழுதுகொண்டிருந்தது. எர்மினியாவும்—"

நிறுத்திவிட்டேன். விதை தூவுகிற நாளில் மழையை வரவழைத்தால் எவரிஸ்டோ என்னைத் தோலுரித்துவிடுவார். விதை அத்தனையும் ஓடைக்குப் போய்விடும். நீங்கள் இன்னும் சந்திக்காத எர்மினியாவும் அழவில்லை.

அடுத்த முயற்சி: "புல் என்பது மனித வாழ்க்கையின்—"

இதை நான் முடிக்காமல் விட்டதற்கு நீங்கள் எனக்குக் கடமைப்பட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது: "எவரிஸ்டோவுக்குக் காலையிலிருந்தே தும்மல்."

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

எவரிஸ்டோவுக்குக் காலையிலிருந்தே தும்மல். மூக்கைத் துடைப்பதும் விதை பொறுக்க வரும் புறாக்களைத் திட்டுவதுமாக நான்காவது கிரீனுக்கு வந்து சேர்ந்தார்.

[கிரீன் என்பது குழியைச் சுற்றிப் படிய வாரிய தலைமுடி போல வெட்டிவைத்திருக்கும் புல்தரை. எங்கள் மைதானத்தில் ஒன்பது உண்டு.]

கோடைப் புல் தூங்கப் போகும் காலம் இது. அதை ஒட்ட வெட்டி, குளிர்காலப் புல்லின் விதையைத் தூவி, மணல் போட்டுத் துடைப்பத்தால் இழுத்துவிட வேண்டும். வசந்தம் வந்ததும் இந்தப் புல் மடியும், அந்தப் புல் எழும். (அந்தக் கோடைப் புல் வேறொன்றுமில்லை, நம் அருகம்புல்தான். இங்கே அதைப் பிள்ளையாருக்குச் சாத்த ஆளில்லை, பந்து உருட்டுகிறார்கள்.)

முளை வரும்வரை கிரீனில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஆகவே குழிகளை மூடியாக வேண்டும். கிரீனுக்கு வெளியே தற்காலிகமாக ஒரு குழி வெட்டுவார் எவரிஸ்டோ. இரும்பு உருளையில் புல்லும் மண்ணுமாக ஒரு கட்டி வரும். அதைக் கொண்டுவந்து பழைய குழியில் இறக்கிக் காலால் மிதித்துச் சமமாக்குவார். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'மூடி'. மூடி துளி உயர்ந்து நின்றாலும் புல் வெட்டும் வண்டி அதன் தலையைச் சிரைத்துப் பழுப்பு வட்டமாக்கிவிடும். சரியாக உட்கார்ந்துவிட்டால் சில வாரங்களில் அவராலேயே இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எவரிஸ்டோவின் கர்வம் முழுவதும் இந்தக் கண்டுபிடிக்க முடியாமையில்தான் இருந்தது.

4

எர்மினியா கடைப்பையோடு வந்தாள். பையில் ரொட்டி, ஒரு கட்டுக் கீரை, இரண்டுக்கும் நடுவில் அவள் கணவன் டெல்மோ.

டெல்மோ டிராக்டர் உதிரிபாகம் விற்றவர். திங்கள் முதல் சனி வரை ஊர் ஊராக அலைச்சல், ஞாயிறு முழுக்க கோல்ஃப். பிப்ரவரியில் இறந்துபோனார். கல்யாணமான புதிதில் எர்மினியா ஞாயிறுதோறும் நான்காவது கிரீன் பக்கத்து பெஞ்சில் வெந்நீர்க் குடுவையோடு காத்திருப்பாள். டெல்மோ பந்தைக் குழியில் தள்ளிவிட்டு, அங்கே நின்றபடியே அவள் நீட்டும் மாத்தே என்கிற இலைத் தேநீரை உறிஞ்சி முடித்துவிட்டு, ஐந்தாவதுக்கு நடந்துவிடுவார். அந்தப் பழக்கம் போன டிசம்பர் வரைக்கும் விடவில்லை.

"டெல்மோவ இங்க வைக்கலாம்னு கொண்டாந்தேன்," என்றாள்.

எவரிஸ்டோ தும்மினார். "எர்மினியாம்மா, சாம்பல் புல்லைச் சுட்டுடும். ஏழாவதுல ஒருத்தர் யார்கிட்டயும் சொல்லாம அவங்கப்பாவைக் கொட்டிட்டுப் போயிட்டாரு. மொட்டை விழுந்து, ரெண்டு வருஷம் நான் பட்ட பாடு! அதுக்கப்புறம்தான் கமிட்டி கூடவே கூடாதுன்னுருச்சு."

"மொட்டை விழுந்தா என்ன? இன்ன இடத்துல இருக்காருன்னு தெரியுமில்ல?"

"இப்படிச் செய்யலாம். மணலோட கலந்து ஒம்பது கிரீன்லயும் மெல்லிசா தூவிடறேன். புல்லுக்கும் தெரியாது, கமிட்டிக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாது." பையைக் கீழே வைத்தாள். "கட்டின நாள்லேருந்து அந்த மனுஷன் தான்டில், அசுல், அங்க இங்கன்னு பரவித்தான் கெடந்தாரு. இன்னும் ஒம்பது இடத்துக்குப் பரப்பணுமாக்கும்? போதும்பா. ஒரே எடத்துல உக்காரட்டும்."

"அந்த பெஞ்சுல பேரு வெட்டி ஒரு பலகை அடிக்கலாமே?"

"பெஞ்சுல உக்காந்தது நானு. அவரு நின்னது இங்க." குழிப்பக்கம் கையை நீட்டினாள். "ஒரு மாத்தே குடிக்கிற நேரம். எனக்குக் கெடைச்ச புருஷன் அவ்வளவுதான், எவரிஸ்டோ."

எவரிஸ்டோ திறந்து கிடந்த குழியைப் பார்த்தார். வேறெந்த நாளாயிருந்தாலும் முடியாது என்றிருப்பார்.

"இன்னிக்கு இதை மூடறேன்," என்றார் கடைசியில். "அடியில இன்னும் ஒரு முழம் தோண்டி வெச்சுடலாம். அவ்வளவு ஆழத்துக்கு வேரு போவாது. கமிட்டிகிட்ட நீங்க வாயத் தொறக்கக் கூடாது."

"தொறக்கல. மூடினப்புறம் எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"பெஞ்சுலேருந்து பார்த்தா?"

"பக்கத்துல குனிஞ்சு பார்த்தாலும் தெரியாது. தெரிஞ்சா எனக்கு வேலை தெரியலன்னு அர்த்தம்."

"அப்ப கொஞ்சம் வேலை தெரியாத மாதிரி செய்யேன்."

எவரிஸ்டோவுக்குச் சுரீரென்றது. "என் வேலையில குத்தம் வைன்னு என்கிட்டயே கேக்கறீங்களா? வண்டி ஏறும்போதெல்லாம் அந்த எடம் சிரைஞ்சு பழுத்து நிக்கும். பந்து துள்ளும். பொருளாளரு மொதல்ல என் சட்டையைத்தான் புடிப்பாரு."

"கையகலம்தானே கேக்கறேன்," என்றாள் எர்மினியா.

5

இந்த இடத்தில் எவரிஸ்டோவைச் சரியாக எழுதுகிறேனா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. என் வரைவில் அவர் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். எழுதியதை அவரிடமே இவர்கள் பாஷையில் சொல்லிக் காட்டினேன்.

"நான் எப்பய்யா பெருமூச்சு விட்டேன்?" என்றார். "மூக்கு அடைச்சிருந்துச்சு. வாயால மூச்சு விட்டேன்."

புருனில்டா தட்டுகளைத் துடைத்தபடி, "எழுத்தாளரே, இவரைக் கதையில நல்லவராக்கிட்டீங்களோ?" என்றாள். "போன வாரம் என் பூனை கிரீன்ல படுத்துச்சுன்னு தண்ணியப் பீச்சி அடிச்சவரு."

"அது பூனை இல்ல, பன்னி. அவ்வளவு கனம்."

"உங்க வயித்தை விடவா?"

ஆக, எவரிஸ்டோ புல்லுக்காகப் பூனையோடும் சண்டைக்குப் போகிறவர் என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இதை நான் வேண்டுமென்றேதான் சேர்க்கிறேன். எர்மினியா அவரிடம் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எனக்கு எர்மினியா பக்கம்தான் மனம் சாய்கிறது. அதையும் ஒளிக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மாத்தே நேரம். அந்த ஞாயிறுகளை எல்லாம் சேர்த்தால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட ஆரம்பித்து— வேண்டாம், விட்டுவிட்டேன்.

6

எழுதி வைத்திருக்கும் முடிவுகள்:

(அ) எவரிஸ்டோ சமமாகவே மூடிவிடுகிறார். பச்சை ஒரே சீராக எழும்புகிறது. ஞாயிற்றுக்கிழமை எர்மினியா வந்து பெஞ்சில் உட்கார்கிறாள். "அதோ, எனக்குத் தெரியுது," என்கிறாள். அவள் காட்டுவது வேறு இடம். எவரிஸ்டோ ஆமாம் போடுகிறார். [சொல்லக் கேட்டுவிட்டு புருனில்டா என் சூப்புக் கிண்ணத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.]

(ஆ) துளி உயர்த்தி மூடுகிறார். பழுப்பு வட்டம் விழுகிறது. கோப்பை ஆட்டத்தில் பொருளாளரின் பந்து அதில் ஏறித் துள்ளி வெளியே போகிறது. "என்ன எழவு இருக்கு இந்த எடத்துல?" என்று அவர் கோலை விட்டெறிகிறார். பெஞ்சில் எர்மினியாவுக்குச் சிரித்து மாளவில்லை. [எனக்குப் பிடித்தது. ஆனால் மறுநாள் எவரிஸ்டோவைக் கமிட்டி கூப்பிடும். அந்தப் பக்கத்தை எழுத எனக்குத் தெம்பில்லை.]

(இ) எர்மினியாவே மனம் மாறி, "சரி, பரப்பிடு," என்று— இல்லை. அவள் அப்படிச் சொல்லவே மாட்டாள். சொல்ல வைத்தால் அது என் சோம்பேறித்தனம்.

நடந்தது எது என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அடுப்படி வாசலில் எவரிஸ்டோ கடைசிவரை சொன்னார். ஆனால் எழுத மாட்டேன். தமிழில் எழுதினால் கமிட்டி படிக்காது என்ற தைரியத்தில்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இப்போது பார்த்தால் செயலாளரின் பேத்தி எந்த மொழியைக் கொடுத்தாலும் கைபேசியைக் காட்டிப் படித்துவிடுகிறாளாம். உயர்த்தி மூடினார் என்று எழுதினால் எவரிஸ்டோவின் வேலைக்கு ஆபத்து, சமமாக மூடினார் என்று எழுதினால் எர்மினியாவின் மனசுக்கு.

7

ஆகவே நிகழ்ந்ததில், ஏற்கனவே உளறிவிட்டதற்கு மேல் எவருக்கும் கேடு வராத பகுதியை மட்டும் தருகிறேன்.

எவரிஸ்டோ மண்டியிட்டுத் தோண்டினார். எர்மினியா பையிலிருந்து சாம்பல் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். அதில் கீரைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதை அவள் விரலால் எடுத்துவிட்டாள். சாம்பல் இறங்கியது, அதன்மேல் மண், அதன்மேல் மணல். எவரிஸ்டோ உருளையிலிருந்த மூடியைக் குழியில் இறக்கினார். மூடி உயர்ந்து நின்றது. எப்போதுமே முதலில் உயர்ந்துதான் நிற்கும். மிதித்தால்தான் அமரும்.

அவர் எழுந்து இடுப்பை நிமிர்த்திக்கொண்டார். மூக்கைத் துடைத்தார். மூடியின் மேல் வலது காலைத் தூக்கினார். எத்தனையோ இலையுதிர் காலங்களாக அந்தக் காலுக்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரியும், யோசித்ததே கிடையாது. அன்று அது அந்தரத்தில் நின்றது.

எர்மினியா பெஞ்சுக்குப் போகவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"மெதுவா, எவரிஸ்டோ," என்றாள். "அவருக்கு முதுகு வலி."

நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கால் இன்னும் கீழே வரவில்லை. இனி அது உங்கள் கால். எவ்வளவு அழுத்தலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.