ஒட்டு இறகு

கண்டமங்கலத்தில் மணிமாறன் வீட்டுக்கு வழி கேட்டால், "சேவலுக்கு ஷாம்பு போடுவாங்களே, அந்த வீடா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. கண்காட்சிக்குப் போகும் சேவலுக்கு அங்கே நடக்கிற பணிவிடையில் கால்வாசி மணிமாறனின் அப்பாவுக்கு நடந்திருந்தால் மனுஷன் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போயிருப்பார் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்வார்கள்.

சேவலின் பெயர் ஜமீன். கிளிமூக்கு விசிறிவால் இனம். கிளிக்கு இருப்பது போல வளைந்த குட்டை மூக்கு, வெள்ளை விழி, கழுத்தில் கீரி நிறம், பின்னால் தரையைத் தொடும் கறுப்பு வால். இவற்றைச் சண்டைக்கு விடுவதில்லை. மேடையில் நிறுத்தி அழகு பார்த்துப் பரிசு கொடுப்பார்கள். மூக்குக்கு மதிப்பெண், கண்ணுக்கு மதிப்பெண், நிற்கிற தோரணைக்கு மதிப்பெண், எல்லாவற்றையும்விட வாலுக்கு. வால் நசுங்கக் கூடாது என்று ஜமீனுக்கு ஆளுயரக் கூண்டு, கீழே ஆற்றுமணல், ஏறி உட்கார உயரத்தில் ஒரு கட்டை. முளைகட்டின கேப்பையும் உதிர்த்த முட்டையும் சாப்பாடு. வீட்டில் நாலு வயது மகள் ஆர்த்திக்கு முட்டை இல்லாத நாள் உண்டு. ஜமீனுக்குக் கிடையாது.

மணிமாறனுக்குப் புதுச்சேரியில் கம்பெனி வேலை. ஷிப்ட் மாறி மாறி வரும். அதனால் பெருமை அவனுக்கு, வேலை அவன் மனைவி சங்கவிக்கு என்று ஆகிவிட்டது. கூண்டு கழுவுவது, கால் செதிலைப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்ப்பது, நகம் வெட்டுவது, யார் தொட்டாலும் மிரளாமல் மேசைமேல் நிற்கப் பழக்குவது எல்லாம் அவள்தான். அதில் அவளுக்குக் குறையொன்றுமில்லை. சேவல் மேல் அவளுக்கும் ஆசை இருந்தது. அதைவிடப் புருஷன் மேல் இருந்தது.

அதற்குக் காரணமும் உண்டு. போன வருஷம் விழுப்புரத்தில் நடந்த கண்காட்சியில் மண்டகப்பட்டுத் தாண்டவராயனின் சேவல் முதலிடத்துக்கு வரவிருந்தது. மணிமாறன் எழுந்து போய், அதன் வாலில் ஒட்டு இருக்கிறது என்றான். கூட்டம் கூடிவிட்டது. ஒட்டு இல்லை என்றால் சூடம் அணைத்துச் சத்தியம் செய் என்றான். தாண்டவராயன் சூடத்தைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். மணிமாறன் அந்த இறகைப் பிடுங்கி எல்லாருக்கும் காட்டினான். உடைந்த இறகின் அடித்தண்டைச் சரியாக வெட்டி, உள்ளே துடைப்பக் குச்சித் துண்டு ஒன்றைச் செருகி, அதன்மேல் பழைய இறகைப் பொருத்திப் பசை வைத்திருந்தார்கள். உடைந்த இறகோடு வந்தால் மதிப்பெண் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஒட்டினால் சேவல் வெளியே, ஆளும் வெளியே.

அன்றிலிருந்து "மணிமாறன் கோழின்னா கலப்படம் இல்ல" என்று ஆகிவிட்டது. சங்கவி அதைத் தாலிக்கு அடுத்தபடியாக வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்ததைச் சொல்லும்போது, இவள், "எங்க வூட்டுக்காரருக்குப் பொய் சொல்லவே வராது" என்பாள். சொல்லும்போது முகத்தில் ஒரு திமிர் வரும். அந்தத் திமிருக்கு அவள் உரிமையுள்ளவள்தான்.

இந்த வருஷக் கண்காட்சி திண்டிவனத்தில். முந்தின நாள் மத்தியானம், மணிமாறன் இரட்டை ஷிப்டுக்குப் போன பிறகு, அவள் ஜமீனைக் குளிப்பாட்டினாள். வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்கான ஷாம்பு, வாலை மட்டும் மேலிருந்து கீழே ஒரே வாக்கில் நீவிவிட வேண்டும். துண்டில் ஒற்றி, வெயிலில் காயவைத்து, மிச்ச ஈரத்துக்கு முடி உலர்த்தும் மெஷினைத் தள்ளிப் பிடித்தாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. கூண்டுக்குள் விடும்போது சேவல் சிறகடித்தது, கதவு சாத்திக்கொண்டது, வாலின் மிக நீண்ட இறகு கதவிடுக்கில் மாட்டிப் பாதியில் முறிந்தது.

சங்கவி முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். உடைந்தது உடைந்ததுதான், கொஞ்சம் மதிப்பெண் போகும். ஆனால் அவன் முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். கத்த மாட்டான். நாள் கணக்கில் பேசாமல் இருந்து சாகடிப்பான். கட்டிலுக்கடியில், ஜமீன் முன்பு உதிர்த்த இறகுகளைச் செய்தித்தாளில் சுற்றி அவனே பத்திரப்படுத்தி வைத்திருந்தான். துடைப்பம் மூலையில் இருந்தது. பசை வீட்டில் இருந்தது. எப்படிச் செய்வது என்பதைத்தான் விழுப்புரத்தில் அத்தனை பேருக்கும் முன்னால் அவனே பிரித்துப் பிரித்து விளக்கியிருந்தானே. அவளுக்கு அது ஒரு ரகசிய வேலையாகக்கூடத் தோன்றவில்லை. கிழிந்த துணியைத் தைப்பது போலத்தான் உட்கார்ந்து ஒட்டினாள். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது, பசை காய்ந்து இறகு அழகாக நின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் பிரிக்கவும் முடியாது.

காலையில் மணிமாறன் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் ஜமீனை மடியில் வைத்துக்கொண்டான். கொண்டைக்குத் தேங்காயெண்ணெய், காலுக்கு விளக்கெண்ணெய். சங்கவி அடுப்படியில் நின்று இதோ சொல்கிறேன், அதோ சொல்கிறேன் என்று மென்று விழுங்கினாள். அவன் வாலைப் பழைய காட்டன் துணியில் சுற்றி, உயரமான அட்டைப்பெட்டிக்குள் சேவலை இறக்கி, "கெளம்பு, ஜல்தி" என்றான். அவள் சொல்லவில்லை.

திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் வெளிமைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். வரிசையாகக் கூண்டுகள், ஒலிபெருக்கி, எங்கு பார்த்தாலும் சேவல் கூவல். நடுவராகக் கோட்டக்குப்பத்து ஜகபர் சாதிக் வந்திருந்தார். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, இப்போது கோழியே கதியென்று இருப்பவர். நிதானமானவர். ஒவ்வொரு சேவலையும் மேசைமேல் நிறுத்தி, சுற்றி வந்து பார்த்து, கடைசியில் வாலை விரல்களுக்கு நடுவில் விட்டு உருவிப் பார்ப்பார்.

ஜமீன் மேசையேறியதும் பந்தலே திரும்பிப் பார்த்தது. கழுத்தைத் தூக்கி, ஒரு காலை முன்னால் வைத்து, உண்மையாகவே ஒரு ஜமீன்தாராக நின்றது. சங்கவிக்குப் பயத்துக்கு நடுவிலும் பெருமை பொங்கியது. அப்போது நடுவரின் விரல்கள் வாலின் அடியில் நின்றன. போயின, திரும்பி வந்தன, அதே இடத்தில் மறுபடி நின்றன.

"மணி, இங்க ஒரு கணு மாதிரி தட்டுப்படுது."

"பழைய அடி பாய். குஞ்சா இருந்தப்போ பட்டது."

"இருக்கலாம். இந்த ஒரு எறகைப் புடுங்கிப் பார்த்துட்டா சந்தேகம் தீந்துடும்."

"புடுங்கினா வால் திரும்ப வளர்றதுக்குள்ள வருஷம் போயிடும் பாய். எஞ்சேவ மேல யாரும் கை வெக்கக் கூடாது." மணிமாறனின் குரல் உயர்ந்தது. "மணிமாறன் ஒட்டு வேலை பண்ணுவானா? யாரைப் பார்த்து இன்னா பேசறீங்க?"

பின்வரிசையில் வேடிக்கை பார்க்க வந்திருந்த தாண்டவராயன் முன்னால் வந்தான். ஒரு வருஷமாக எந்த மேசையிலும் சேவலை நிறுத்த விடாமல் வைத்திருந்தார்கள் அவனை. இந்த நாளுக்காகவே சோறு தின்றுகொண்டிருந்தவன் போல வந்தான்.

"போன வருசம் இதே மாதிரிதானே நின்னேன் நானு? அப்ப நீ எறகைக் கேக்கல மணி, சூடம் கேட்ட. நான் திருடன்தான், ஒத்துக்கறேன். ஆனா சூடத்துக்கு முன்னாடி பொய் சொல்ல எனக்கு வாய் வரல. தலையைக் குனிஞ்சிக்கினேன். இப்ப உன் மொற. உன் பொண்ணு தலைமேல ஒரு கை வெச்சிக்கினு, இன்னொரு கையால அணை. நான் இப்பவே போயிடறேன், இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"அதெல்லாம் வேணாம்பா, சின்னப் புள்ளைய எதுக்கு இழுக்கறீங்க?" என்றார் ஜகபர் சாதிக். அவர் பேச்சைக் கேட்க அங்கே ஆளில்லை. யாரோ மண்டபத்துப் பிள்ளையாரிடமிருந்து தட்டும் சூடமும் கொண்டுவந்துவிட்டார்கள். கூட்டத்துக்கு எப்போதும் தீப்பெட்டி கையிலேயே இருக்கும்.

மணிமாறன் ஒரு கணமும் தயங்கவில்லை. "ஆர்த்தி, வா இங்க" என்றான். பஞ்சுமிட்டாய் தின்று உதடெல்லாம் சிவந்திருந்த குழந்தை ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது. அவன் அவள் உச்சந்தலையில் இடது கையை வைத்தான். தட்டில் சூடம் எரிந்தது.

பாவம், அவருக்குத் தெரியாதே. ஒன்றும் தெரியாமல் பெற்ற பிள்ளை தலையில் பொய்ச்சத்தியம் செய்யப் போகிறாரே, என்னால்தானே, என்று சங்கவி பதறினாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஆர்த்தி கண் செருகிக் கிடந்தது ஞாபகம் வந்தது. கோழியும் வேண்டாம், பேரும் வேண்டாம். அவன் வலது கை தட்டின் மேல் உயர்ந்தது.

அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் தன் உள்ளங்கையால் சூடத்தை அடித்தாள். தட்டு கவிழ்ந்து கீழே உருண்டது. கை எரிந்தது அப்போது தெரியவில்லை.

"நான்தான் ஒட்டினேன்! அவருக்கு ஒண்ணுந் தெரியாது. கதவுல மாட்டி ஒடைஞ்சிடுச்சி, பயந்துக்கினு நான்தான் ஒட்டிட்டேன். அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. எங்கொழந்தை மேல மட்டும் சத்தியம் வேணாம்."

சொல்லிக்கொண்டே அந்த இறகைப் பிடித்து இழுத்தாள். ஒட்டு கழன்று, துடைப்பக் குச்சி நீட்டிக்கொண்டு அவள் கையோடு வந்தது. ஜமீன் அலறியது.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு வாய். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்றான் ஒருத்தன். நல்ல மனுஷன் பேரைக் கெடுத்தாளே என்றான் இன்னொருத்தன். ஜமீனைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். மணிமாறன் மேல் தப்பில்லை என்று ஜகபர் சாதிக் ஒலிபெருக்கியிலேயே சொன்னார். தாண்டவராயன் சிரிப்பான் என்று எல்லாரும் பார்த்தார்கள். அவன் சிரிக்கவில்லை. குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, "கெட்டிக்காரி உங்க அம்மா" என்று சொல்லிப் போய்விட்டான்.

விழுப்புரம் போகும் பஸ்ஸில் கடைசி சீட்டு கிடைத்தது. பெட்டி காலடியில். ஆர்த்தி ஏறியதுமே அப்பா மடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். மணிமாறன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். இனி நாள் கணக்கில் பேச மாட்டான் என்று சங்கவி நினைத்தாள். உள்ளங்கையில் கொப்புளம் எழும்பி விண்விண் என்று தெறித்தது. அதைக் காட்டக்கூட அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

விக்கிரவாண்டி தாண்டியதும் அவளால் பொறுக்க முடியவில்லை. "என்னை மன்னிச்சிடுங்க. ஒடைஞ்சப்பவே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"எனக்குத் தெரியும்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"காத்தால எண்ணெ தடவுறப்பவே பார்த்துட்டேன். தாண்டவராயன் ஒட்டினதை விட சுத்தமா ஒட்டியிருந்த. பாய் கைக்குத் தட்டாதுன்னு நெனச்சேன்."

சங்கவி அவன் முகத்தையே பார்த்தாள். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி.

"தெரிஞ்சிக்கினேவா புள்ள தலைமேல கை வெச்சீங்க?"

"வேற இன்னா பண்றது? அந்தத் தாண்டவராயங்கிட்ட தலை குனியச் சொல்றியா? சூடம் எம்மாந் நேரம் எரியும்? பட்டுனு அணைச்சிட்டு வந்திருந்தா வேலை முடிஞ்சிருக்கும். உன்னையும் காப்பாத்துன மாதிரி இருக்கும். நீ நடுவுல பூந்து பேஜாராக்கிட்ட."

அவளுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பயம்தான் வந்தது. அறியாமல் செய்யப் போகிறார் என்று நினைத்துத்தானே கையைச் சுட்டுக்கொண்டாள். அவன் அறிந்தே செய்யப் போனான், தயங்காமல் போனான், குழந்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டும் போனான். ஒலிபெருக்கியில் அவனை நல்லவன் என்று சொன்னபோது அவன் தலையாட்டிக்கொண்டு நின்றதையும் அவள் பார்த்திருந்தாள். பாவம் மனுஷனுக்கு வாயடைத்துப் போய்விட்டது என்று அப்போது அவளுக்கு அழுகை வந்திருந்தது.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவனுடைய இடது கை, குழந்தை சரிந்துவிடாமல், பழக்கமாக அதன் தலைமேல் போய் உட்கார்ந்தது.

சங்கவி குனிந்து, எரிகிற கையையும் சேர்த்துக் கொடுத்து, ஆர்த்தியை அவன் மடியிலிருந்து தூக்கினாள். குழந்தை தூக்கத்திலேயே முனகிக்கொண்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"தூங்கற புள்ளைய எதுக்கு எழுப்பற?" என்றான் மணிமாறன்.

"எங்கிட்ட இருக்கட்டுங்க" என்றாள் அவள்.