அடித்துக் காட்டிய விலை

ஆண்டுத் தள்ளுபடி விற்பனை தொடங்கிய மூன்றாம் நாள் மதியத்துக்குள், வீட்டுச் சாமான் கடையில் விலைச்சீட்டு எழுதுகிறவரின் உடம்பில் நாற்பத்தொரு சிவப்புக் கோடுகள் விழுந்திருந்தன. எல்லாம் ஒரு விரல் நீளம், இடமிருந்து வலமாகச் சற்றே மேலேறிப் போகிறவை. சீட்டில் பழைய விலையை அவர் அடிக்கும் அதே சாய்வு. பதினாறு வருடமாக அதுதான் அவருடைய வேலை. மேனேஜர் ஒரு தாளில் இரண்டு எண்களைக் கொடுப்பார். பெரிய எண்ணைக் கறுப்பு மையில் எழுதி, அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, சின்ன எண்ணைக் கீழே கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். பெரிய எண்ணுக்கு அந்தச் சாமான் ஒருநாளும் விற்றதில்லை என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். சின்ன எண்ணும் போன மாதத்து விலையைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பது மேனேஜருக்கும் சீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும்.

யாராவது ஒருவர் சீட்டை நம்பிப் பணம் கட்டும் அதே நிமிடத்தில் ஒரு கோடு விழுந்தது. வலியில்லை, சோப்புக்கும் போகவில்லை. தோல் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக்கொடுத்து, புளிப்பைக் குறைக்கச் சொன்னார். மேனேஜரின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. “நான் சொன்னதைத்தானே எழுதுனீங்க? உங்களுக்கு ஏன் வருது?” என்று அவர் நிஜமான அக்கறையோடு கேட்டார். பேனா யார் கையில் இருந்தது என்பதை மட்டும் பார்த்தே கோடுகள் விழுந்தன போலிருக்கிறது. சீட்டுக்காரர் முழுக்கைச் சட்டைக்கு மாறினார், கழுத்துப் பித்தானையும் போட்டுக்கொண்டார், வேலையைத் தொடர்ந்தார்.

ஐந்தாம் நாள் அவருடைய அக்கா கடைக்கு வந்தார். துணி தைத்துப் பிழைக்கிறவர். பழைய மெஷின் உடைந்த பிறகு, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துத் தைத்துவந்தார். தள்ளுபடி வரட்டும் என்று எட்டு மாதம் பொறுத்திருந்தார். புது மெஷினின் சீட்டில் பதினாலாயிரம் அடிக்கப்பட்டு, எட்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்று இருந்தது. போன மாதம் வரை அதே மெஷின் எட்டாயிரத்து இருநூறுக்கு அதே அலமாரியில் நின்றது. அக்கா சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்டூலில் நின்றிருந்த தம்பியை அண்ணாந்து பார்த்து, “வாங்கலாமாடா?” என்று கேட்டார். இரண்டடி தள்ளி மேனேஜர் நின்றிருந்தார். சீட்டுக்காரர், “வாங்குக்கா” என்றார். அக்கா பணம் கட்டியதும் தம்பியின் இரண்டு உதடுகளுக்கும் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

அன்று சாயங்காலம் மெஷினைத் தோளில் சுமந்து அக்கா வீட்டு மாடிப்படி ஏறியதும் அவர்தான். வாயில் கைக்குட்டை கட்டியிருந்தார், பல்வலி என்றார். என் தம்பி அந்தக் கடையில் இருக்கிறான், பாதி விலைக்கு வாங்கித் தந்தான் என்று அக்கா வராந்தாவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொன்னார். பிறகு டீ போட்டுக் கொடுத்தார். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, கைக்குட்டையை விலக்கி, அதைக் குடித்தார்.

பதினோரு நாள் தாங்கினார். பன்னிரண்டாம் நாள் போய் வாசலிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். அக்கா தைப்பதை நிறுத்தவில்லை. அந்த ஓரம் முழுவதையும் அடித்து முடித்து, நூலை அறுத்த பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

“அப்போ நான் எட்டு மாசம் காத்துக்கிட்டிருந்தது?”

“சும்மாதான்க்கா.”

“எழுதினது நீயா?”

“என் கையெழுத்துதான்.”

“எழுநூறு போனாப் போகட்டும். அன்னைக்கு டீ போட்டுக் கொடுத்தேனே, அது உனக்கு எப்படிடா தொண்டையில இறங்குச்சு?”

உதட்டுக் கோடு அந்த இடத்திலேயே மறைந்தது. அது மட்டும் இருந்துவிட்டுப் போயிருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு. அக்கா அடுத்த துணியை எடுத்து ஊசிக்கடியில் வைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

மறுநாள் அவர் வேலையை விட்டார். பில் புத்தகத்திலிருந்து விலாசங்களை எழுதிக்கொண்டுபோய் வீடு வீடாக ஏறினார். அது இரண்டு வருடம் பிடித்தது. அலமாரி வாங்கிய பஸ் டிரைவர் அறைந்தார். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி விழுந்து விழுந்து சிரித்தது. அறையைவிட அந்தச் சிரிப்புத்தான் அவரை அதிக நாள் தூங்கவிடவில்லை. சொல்லி முடித்த வீட்டின் கோடு படியிறங்குவதற்குள் மறைந்துவிடும். மின்விசிறி வாங்கிய ரிட்டயர்டு கிளார்க் மட்டும் அவரைப் பேசவே விடவில்லை. “நீ என்ன சொல்ல வந்திருக்கேன்னு தெரியும், தெரு முழுக்கப் பேசிக்கிறாங்க. பாதி விலைன்னு நான் அதைத் தூக்கிட்டு வந்தப்போ, வாழ்க்கையில முதல் தடவையா நீங்க சாமர்த்தியமா ஒண்ணு செஞ்சிருக்கீங்கன்னு என் வீட்டுக்காரி சொன்னா. அவ போயி ஆறு மாசமாச்சு. பேசாம இறங்கிப் போ தம்பி” என்றார். அந்தக் கோடு வலது காதுக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டது.

பிறகு ஒரு சின்னப் பாத்திரக்கடை அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது. அங்கே நசுங்கிய குக்கர், மூடி தொலைந்த டப்பா என்று பழுதான சாமானுக்கு மட்டும்தான் விலை குறைப்பார்கள், நிஜமாகவே. ஆனால் சீட்டில் சிவப்புக் கோட்டைப் பார்த்தாலே ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருநாள் ஒரு நர்ஸ், “கையைக் காட்டுங்க, பார்க்கலாம்” என்றார். பில் போடும்போது சீட்டுக்காரர் சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டி நீட்டினார். ஒன்றும் விழவில்லை. அதிலிருந்து அது வழக்கமானது. தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோல அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கினார்கள். நியாயமான தள்ளுபடி வேண்டுமென்றால் அந்தக் கடைக்குப் போ என்றார்கள். அதே பருவத்தில் பெரிய கடைகளில் சீட்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் முழுக்கைச் சட்டைக்கு மாறியதால், ஊரில் அந்தச் சட்டைக்கு மட்டும் தட்டுப்பாடு வந்து, அது ஒரு பைசா குறையாமல் விற்றது. ஒவ்வொரு முறை கையை நீட்டும்போதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். பழகும் என்று முதலாளி சொன்னார், பழகவில்லை.

அந்தக் கடையில் சேர்ந்த மூன்றாம் வருடம் அக்கா வந்தார். பிடியில் விரிசல் விட்ட ஒரு கத்தரிக்கோலை எடுத்து, சீட்டில் அடித்திருந்த விலையையும் கீழே இருந்த விலையையும் படித்தார். சீட்டுக்காரர் தானாகவே பிடியைத் திருப்பி விரிசலைக் காட்டினார். அக்கா தலையசைத்தார், பணத்தைக் கல்லாவில் வைத்தார். பிறகு பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, “கையைக் காட்டு” என்றார். அவர் காட்டினார். மற்றவர்கள் பார்ப்பதைவிடக் கொஞ்சம் அதிக நேரம், முன்பக்கமும் பின்பக்கமும், வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு போனார்.