மூச்சைப் பிடித்துக் கொடுத்த அளவு

தங்கரத்தினத்தின் கண்கள் எந்நேரமும் வடியும். சாம்பல்தீவிலிருந்து பஸ்ஸில் நகரத்துக்கு வந்து இறங்கும்போது, கடற்காற்றுக்குக் கண் துடைத்துத் துடைத்துச் சேலைத் தலைப்பே நனைந்துபோயிருக்கும். அப்படிப்பட்டவளிடம் போன மாதம் டொக்டர் லக்சாயினி, "கண்ணில வெண்புரை முத்தியிருக்கு அம்மா. ஆனா கண் நல்லாக் காய்ஞ்சு கிடக்கு. அதாலதான் இப்படி வடியுது. இந்த மருந்தை ஒழுங்கா விட்டிட்டு வாங்கோ, பிறகு கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸுக்கு அளவெடுப்பம்" என்றார்.

வடிகிற கண்ணுக்குள் மேலும் நீர் விடுவதா? மருந்துப் போத்தல் மூடி திறக்காமலே அலுமாரிக்குள் கிடந்தது.

இன்று அளவெடுக்கிற நாள். போத்தலும் பைக்குள் வந்திருந்தது. கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான், மருந்து விடாதது தெரிந்துவிடுமோ என்று பயம் பிடித்தது. மகள் கீர்த்தனி நம்பர்த் துண்டு எடுக்கப் போன கையோடு போத்தலைத் திறந்து, இரண்டு கண்ணிலும் மளமளவென்று விட்டாள். விருந்தாளி படலையைத் திறக்கும்போது முற்றம் கூட்டுகிற மாதிரி.

உள்ளே இன்ஷாப் என்ற பொடியன் அவளுடைய நாடியைக் கண் அளக்கிற மெசினில் ஊன்றி வைக்கச் சொன்னான்.

"ஒருக்கா ஒரு கணக்குக் காட்டுது, மறுக்கா வேற காட்டுது. இப்ப மருந்து ஏதும் விட்டனீங்களோ அம்மா? விட்ட கையோட அளந்தால் கணக்குப் பிழைக்கும்."

"இல்லைத் தம்பி." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவன் இன்னொருமுறை பார்த்து, எழுதி, டொக்டரிடம் அனுப்பினான்.

"தூரமும் கிட்டவும் தெரியிற லென்ஸ் இந்தக் காய்ஞ்ச கண்ணுக்குச் சரிவராது" என்றார் டொக்டர். "கண்ணாடி இல்லாமல் எது தெரியோணும்? தூரமோ, கிட்டவோ?"

"தூரம் டொக்டர்" என்று கீர்த்தனி முந்தினாள். "றோட்டில மாமியைக் கண்டும் காணாத மாதிரிப் போறா எண்டு ஊரே கதைக்குது."

"உன்ர மாமியைக் காணாட்டில் எனக்கென்ன நட்டம்? நான் சட்டை தைக்கிறனான் டொக்டர். கிட்டத் தெரியோணும். தையல் தெரியாட்டில் என்ர கை சும்மா."

"சரி. இந்த அளவுக்கே லென்ஸ் எடுப்பிக்கிறன். வைச்சால் பிறகு மாத்துறது லேசில்லை."

அளவு. தங்கரத்தினம் பைக்குள் கையை விட்டுப் போத்தலைத் தொட்டுப் பார்த்தாள். வயிற்றை எக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவு கொடுக்கிற பெண்களை அவள் ஏசாத ஏச்சில்லை. "மூச்சை விடு பிள்ளை, பொய் அளவு தராதை. பிறகு கொக்கி பூட்டாது." கொக்கி பூட்டாவிட்டால் பிரித்துத் தைக்கலாம். கண்ணைப் பிரிக்க ஏலுமோ?

டொக்டர் பேனையை எடுத்தார்.

"டொக்டர், நான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு அளவு குடுத்திட்டன்."

"என்னம்மா?"

அவள் போத்தலை மேசையில் வைத்தாள். கழுத்து வரைக்கும் மருந்து இருந்தது. "வீட்டில ஒருநாளும் விடேல்லை. இப்பதான், வாங்கில இருந்து விட்டனான்."

"அம்மா!" கீர்த்தனி தலையில் கை வைத்தாள்.

டொக்டர் போத்தலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு மாதம் ஒழுங்கா விடோணும். பிறகுதான் அளவு. ஒப்பரேசன் திகதியும் தள்ளிப்போகும்."

"தள்ளட்டும்." தங்கரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் துணியில கத்தரி வைக்கேல்லைத்தானே?"

"இல்லையம்மா" என்று சொல்லி, இன்ஷாப் எழுதியிருந்த கணக்கின் மேல் டொக்டர் கோடு கீறினார்.