பைனாவின் கிண்ணம்

தீவில் வெள்ளைத் தூண் வைத்த அந்தப் பெரிய வீட்டில் இப்போது கல்யாணங்கள்தான் நடக்கின்றன. ஒரு காலத்தில் அதைச் சுற்றிக் கண்ணுக்கெட்டியவரை பருத்தி. அதைப் பறித்துப் பறித்தே செத்துப்போன கறுப்பின அடிமைகளைப் புதைத்த இடம் பின்னால், ஓடைக்கரை ஓக் மரங்களுக்கு அடியில் இருக்கிறது.

எர்னஸ்டீன் டீச்சர் தன் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிவர எத்தனையோ தடவை நடந்து அனுமதி வாங்கினாள். எல்லாம் அந்தத் தீவுப் பிள்ளைகள். அங்கே படுத்திருப்பவர்களின் வம்சம். டீச்சரின் பாட்டிக்குப் பாட்டி பைனாவும் அங்கேதான். கல் கிடையாது, பேர் கிடையாது. செத்தவர் கடைசியாகப் புழங்கிய சாமானை உடைத்துச் சிப்பிகளோடு மண்மேல் வைப்பார்கள், அவ்வளவுதான் அடையாளம். பைனாவுக்கு நீலக்கரை போட்ட ஒரு கிண்ணம், அடியில் ஓட்டை போட்டது. சின்ன வயதில் அம்மா காட்டியது; இடம் நினைவில்லை, கிண்ணம்தான் நினைவு. அப்புறம் வீட்டுக்காரர்கள் வேலி போட்டுவிட்டார்கள். இன்றைக்கு அதைத் தொட்டுக் காட்டித்தான் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

ஆபீசில் கையெழுத்துப் போட நிற்க வேண்டியிருந்தது. "முன்னாடி போங்க. இடத்தைச் சுத்தமா வெச்சுக்கோங்க" என்று பிள்ளைகளை அனுப்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லார் முகத்திலும் வியர்வை, சந்தோஷம். நடுவில் புடைத்த கறுப்புப் பைகள்.

"பாத்தீங்களா மிஸ், கல்யாணத்துக்கு வந்தவங்க பண்ணின வேலைய! ஒடஞ்ச தட்டு, கப்பு, சிப்பி… ஒண்ணு விடல, அள்ளிட்டோம்" என்றாள் டெலிசா.

"நம்மாளுங்க செத்தும் இவங்க எச்சித்தட்டு கழுவணும்போல!" என்றான் டாரியஸ். ஒரே சிரிப்பு.

டீச்சர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவை என்னவென்று சொன்னாள். பைகளை ஒரு மரத்தடியில் கவிழ்த்துத் துழாவினாள். கிண்ணம் கிடைத்தது.

"இது என் பாட்டிக்குப் பாட்டியோடது. எங்க இருந்துச்சு?"

"அந்த மரத்துகிட்ட மிஸ்."

"போடா, அங்க இருந்தது ஜக்கு!"

டெலிசா முன்னால் வந்தாள். "நான்தான் எடுத்தேன் மிஸ். எங்கேன்னு பாக்கல. குப்பைதானேன்னு…"

அடிமைச் சந்தையில் தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கி விற்றவனும் இப்படித்தான், எங்கிருந்து எடுத்தோம் என்று பார்க்கவில்லை. அந்தப் பேச்சு டீச்சரின் நாக்குவரை வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். விழுங்கிக்கொண்டாள்.

"அவங்க பேரு என்ன மிஸ்?" என்றாள் டெலிசா.

"பைனா."

டெலிசா கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பக்கத்துப் பள்ளத்தருகே குனிந்தாள். புதைத்த இடங்களில் மண் அமுங்கிய பள்ளங்கள். எல்லாம் ஒரே மாதிரி.

"பைனாம்மா, இது உங்களோடதா?"

அடுத்த பள்ளம். அதற்கடுத்தது. டாரியஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். ஓடைத் தண்ணீர்தான் சலசலத்தது.

பஸ் ஹாரன் அடித்தது. எந்தப் பள்ளத்தில் வைக்கவும் மனசு துணியவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகவும் கூடாது. செத்தவர் பொருள். டீச்சர் கிண்ணத்தை வாங்கி, யாருடையது என்று இனித் தெரியப்போகாத மற்றச் சாமான்களோடு, மரத்தடிக் குவியலிலேயே வைத்தாள்.