பின்பக்கச் சுவர்

குகதாசன் சுவரை உடைக்க இரும்பை ஓங்கியபோதுதான் ஜெயகுமாரி கட்டிலின் தலைமாட்டை விட்டு எழுந்தாள். விடியப்புறம் கணவனின் மூச்சு நின்றதிலிருந்து அவள் அசையவில்லை. தாதி வந்து நாடி பார்த்து, முகம் துடைத்துவிட்டுப் போனபோதும் அசையவில்லை. மகள் யதுர்ஷா தகப்பனின் காலைக் கட்டிக்கொண்டு கதறியபோதும் அப்படியே இருந்தாள். இப்போது போய் கணவனின் தமையனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பெரியத்தான், கண்ணாடியிலை அடியாதேங்கோ."

"அடியாமல்? கும்பிட்டால் சுவர் திறக்குமே?"

செத்தவீட்டுக்கு வந்திருந்தவர்கள் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கட்டிலில் குலேந்திரன் வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தார். தாதி போவதற்குமுன் சன்னலை ஒரு விரலளவு திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஓர் உயிர் வெளியே போக நோர்வேக்காரருக்கு அவ்வளவு இடைவெளி போதும். நம்மவருக்கு அது காணாது என்று காலையில்தான் தெரியவந்தது.

குகதாசன் திராமன் நகரத்திலிருந்து வந்து இறங்கியதும் தம்பியின் முகத்தைப் பார்த்தார், ஒரு பாட்டம் அழுதார், மூக்கைச் சிந்திவிட்டு கொழும்பு வெள்ளவத்தைச் சாத்திரியாருக்குப் போன் போட்டார். உயிர் போன நேரத்தைச் சொன்னார். ரேவதி நட்சத்திரம், தனிஷ்டா பஞ்சமி என்று பதில் வந்தது. அந்தக் கூட்டத்து ஐந்து நட்சத்திரங்களில் ஒன்றில் செத்தால் பிணம் வாசலால் போகக்கூடாது. சுவரையோ கூரையையோ பிரித்து அந்த வழியால் எடுக்கவேண்டும், அறையை ஆறு மாதம் பூட்டிவைக்கவேண்டும். இல்லாவிட்டால் போனவர் தனியே போகமாட்டார், வீட்டிலிருந்து இன்னும் உயிர்களைக் கூட்டிக்கொண்டு போவார். போனைக் கையில் வைத்துக்கொண்டே குகதாசன் எல்லாருக்கும் கேட்க இதைச் சொன்னார். பெரிய மனிதர் சொன்னால் கூடம் தலையாட்டத்தானே வேண்டும்.

அவர் உடைக்கச் சொன்ன சுவர் சும்மா சுவரில்லை. குலேந்திரனுக்கு வீடு கழற்றுகிற வேலை. ஒஸ்லோவில் ஆட்கள் வேண்டாமென்று விட்ட பழைய மரவீடுகளை, யந்திரத்தால் நொறுக்காமல், பலகை பலகையாகக் கழற்றி, கதவையும் சன்னலையும் கூரை ஓடுகளையும் திரும்ப விற்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் அவர் இருந்தார். விலைபோகாமல் மிஞ்சியது பியோர்ண்டாலில் இருக்கிற அவர்கள் வீட்டுக்கு வரும். பின்னேரங்களில் புருசனும் பெண்சாதியும் குந்தியிருந்து பலகைகளில் ஆணி பிடுங்குவார்கள். வளைந்த ஆணிகளை அவள் தட்டி நிமிர்த்திப் பிஸ்கட் தகரப் பேணியில் போடுவாள். அப்படிக் கோடை கோடையாகச் சேர்த்து, தங்கள் வரிசைவீட்டின் பின்பக்கம் அவர் கட்டியதுதான் இந்த அறை. கடற்கரைப் பக்கம் கழற்றிய ஒரு மாளிகையின் சன்னல்கள் அதில் இருந்தன. மேல்வரிசையில் சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னக் கண்ணாடிகள். வெயில் வருகிற நாட்களில் அந்த நிறம் கட்டில்வரை வந்து விழும். ஆசுப்பத்திரி வேண்டாமென்று அவர் அடம்பிடித்து வந்து கிடந்தது அதற்காகத்தான்.

"வீட்டை வித்தாலும் வில்," என்று போன கிழமைதான் அவள் கையைப் பிடித்துச் சொன்னார். "இந்த அறையை மட்டும் கழட்டிப் போடாதை ஜெயம். ஊரிலை உள்ளதெல்லாம் கழட்டினனான். நான் கட்டினது இது ஒண்டுதான்."

கழற்றமாட்டேன் என்று அவளும் சொல்லியிருந்தாள்.

"அவர் என்னட்டைக் கேட்டவர் பெரியத்தான். இதைத் தொடவேண்டாமெண்டு."

"செத்தவன் கேட்டதைப் பாக்கிறதோ, வயித்திலை கிடக்கிறதைப் பாக்கிறதோ?" குகதாசன் யதுர்ஷாவைக் காட்டினார். "நான் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டன். பேந்து ஒண்டு நடந்தால் என்னைக் கேக்கக்கூடாது."

பிள்ளைத்தாய்ச்சியைக் காட்டி இப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! யதுர்ஷாவின் கை வயிற்றுக்குப் போனது.

"அம்மா, நான் உதொண்டையும் நம்பேல்லை," என்றாள். "ஆனா..."

ஜெயகுமாரி மகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு குகதாசனிடம் கையை நீட்டினாள்.

"தாருங்கோ. நானே கழட்டுறன்."

அது குலேந்திரனின் இரும்பு. குபைன் என்று நோர்வேக்காரர் சொல்வார்கள், மாட்டுக்கால் என்று அர்த்தம். நுனி குளம்பைப்போலப் பிளந்திருக்கும், அந்தப் பிளவில் ஆணியின் தலையைக் கொடுத்து நெம்பினால் பலகை வெடிக்காமல் ஆணி வரும். அவள் முதலில் சன்னலைச் சுற்றியிருந்த சட்டங்களை எடுத்தாள். மருமகன் ரிஷிகேசன் தாங்கிப் பிடிக்க, சன்னல்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கூடத்துச் சுவரில் சாய்த்தார்கள். ஒரு கண்ணாடியும் உடையவில்லை. மாசி மாதத்துக் குளிர் உள்ளே வந்தது. போர்வையின் ஓரம் காற்றில் ஆடியபோது வேலையை நிறுத்திவிட்டுப் போய் இன்னொரு கம்பளியை எடுத்துவந்து கணவனின் காலை மூடினாள். யாரோ ஒரு பெண் விம்மினாள். ஜெயகுமாரி திரும்பி வந்து பலகைகளில் கைவைத்தாள்.

"ஊரார் வீட்டை உடைச்சுத் திண்டவன்," என்றார் குகதாசன், பக்கத்தில் நின்றவரிடம். "கடைசியிலை தன்ரை வீடும் உடைபட்டுத்தான் போறான். செத்த சனத்தின்ரை கதவு சன்னல் வீட்டுக்குக் கூடாதெண்டு நான் எத்தினை தரம் சொன்னனான்."

அவள் காதில் அது விழுந்தது. அடுத்த ஆணியின் தலையைப் பிளவில் கொடுத்து நெம்பினாள்.

பாதிச் சுவர் கழன்றிருக்கும், குகதாசனின் போன் அடித்தது. அவர் பின்வளவுப் பனிக்குள் இறங்கிப் போய்க் கதைத்தார். சன்னலிருந்த இடைவெளியால் அவர் நின்றது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கிற மனிதர், திடீரென்று கையைக் கீழே விட்டார். திரும்பிச் சுவரைப் பார்த்தார். ஏதோ சொன்னார். போனைப் பைக்குள் வைத்துவிட்டும் உடனே வரவில்லை, காலால் பனியைத் தள்ளிக்கொண்டு நின்றார்.

உள்ளே வந்ததும் அவர் மனைவி மங்களேஸ்வரி கேட்டாள். "ஆரப்பா, சாத்திரி ஐயாவோ? என்னவாம்?"

"ஓம். கெதியா முடிக்கட்டாம்."

ஜெயகுமாரி மிச்சத்தையும் கழற்றினாள். கடைசிப் பலகை வந்தபோது பின்வளவு முழுவதும் அறைக்குள் வந்துவிட்டதுபோல இருந்தது. ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் முழங்கால் உயரத்துக்குப் பனி, நடுவில் ஒன்றுமில்லை.

பிணம் எடுக்க வந்த நோர்வேக்காரர் இருவரும் கறுப்புக் கோட்டுடன் அந்த வெளியைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இந்த வழியால் கொண்டுபோகவேண்டும் என்று ரிஷிகேசன் அவர்களுக்கு விளங்கப்படுத்தினான். மூத்தவர் கீழே இறங்கிக் காலை வைத்துப் பார்த்துவிட்டு ஏறினார். பனிக்குக் கீழே கண்ணாடிபோல ஐஸ், சறுக்கினால் இறந்தவரை விழுத்திவிடுவோம், மன்னிக்கவேண்டும் என்றார்.

ரிஷிகேசன் குகதாசனைப் பார்த்தான். சுவரை உடைக்க இரும்பெடுத்த மனிதர், அடிதடிக்கு நிற்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"சரி, சரி. வாசலாலையே போகட்டும்," என்றார் குகதாசன். "அவங்களோடை சண்டைபிடிக்கேலுமே."

அப்போதுதான் ஜெயகுமாரிக்குச் சந்தேகம் தட்டியது. ஆனால் கணவனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அதற்குள் எதை யோசிப்பது! வாகனம் தெருமுனையில் திரும்பும்வரை செருப்புமில்லாமல் வாசற்படியில் நின்று, வாய்விட்டு அழுதாள்.

வீட்டுப் போன் அடித்தபோது மற்றவர்கள் அயலவர் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள்தான் எடுத்தாள்.

"தங்கச்சி, வெள்ளவத்தை ஐயா கதைக்கிறன். பயந்துகொண்டிருப்பியள் எண்டுதான் எடுத்தனான். குகதாசன் சொல்லியிருப்பார். அவர் முதல் தந்தது உங்கடை நாட்டு நேரமெல்லோ. எங்கடை நேரத்துக்கு மாத்திப் பாத்தால் ரேவதி முடிஞ்சுது, அசுவினி. ஒரு தோசமும் இல்லை. ஒண்டையும் உடைக்கத் தேவையில்லை."

"இதை அவரிட்டை எப்ப சொன்னனீங்கள் ஐயா?"

"அப்பவே எடுத்துச் சொல்லிப்போட்டனே. நல்லகாலம் ஐயா, நாங்கள் இன்னும் துவங்கேல்லை எண்டவர்."

அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். அவளுக்கு ஆத்திரம் வந்தது. பிழையாகக் கணித்ததற்கில்லை. பாதிச் சுவர் நின்றபோதே தெரிந்திருந்தும், தன் வாயால் பிழை என்று சொல்லக் கூச்சப்பட்டு, தம்பிபெண்சாதியை மிச்சத்தையும் பிடுங்கவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாரே, அதற்கு.

கூடத்தில் அவர் சன்னல்களுக்கு முன்னால் நின்றார். தாடையைத் தடவிக்கொண்டு ஒரு சிவப்புக் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஜெயம், உதுகள் இனி இஞ்சை கிடந்து என்னத்துக்கு? திராமனிலை என்ரை கடைக்கு முன்பக்கம் போட்டால் வடிவாயிருக்கும். நான் என்ரை வானுக்குள்ளை ஏத்திறன்."

"அண்ணன் நிண்டபடியால் எல்லாம் முறையா நடந்துது," என்றது கதிரையில் இருந்த ஒரு குரல்.

ஜெயகுமாரி அறைக்குள் போனாள். குபைனைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"பெரியத்தான், இப்ப ஐயா எடுத்தவர்."

குகதாசனின் விரல் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது.

"பிணம் வாசலாலை போனது பெரிய பிழையாம்," என்றாள் அவள். எல்லாருக்கும் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல். "இனி இந்த வீடு மட்டும் காணாதாம். மூத்த சகோதரத்தின்ரை வீட்டிலையும் ஒரு சுவரைத் திறக்கவேணுமாம். அறையை ஆறு மாதம் பூட்டவேணுமாம். இல்லாட்டி அந்தப் பக்கத்திலைதானாம் அடுத்தது."

மங்களேஸ்வரி தலையில் கைவைத்தாள். "ஐயோ, என்ரை பேரப்பிள்ளையள்!"

"ஐயா அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டார்," என்றார் குகதாசன்.

"ஏன் பெரியத்தான்? உங்களுக்கு என்ன சொன்னவர்?"

கூடம் அவரைப் பார்த்தது. அவர் அவளைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், தெரிந்துகொண்டே சுவரைப் பிடுங்கவிட்டதும் வெளியே வரும். கருங்கல் பதித்த வாசலும் புதுச் சுவருமாக அவருடைய திராமன் வீடு கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும்.

"கெதியா முடிக்கட்டாம் எண்டெல்லே சொன்னவர்," என்று மங்களேஸ்வரி புருசனுக்கு ஞாபகப்படுத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு ரிஷிகேசன் பக்கம் திரும்பினாள். "தம்பி, உங்களுக்கு நாளைக்கு வேலையோ? எங்கடை சுவரைத் திறக்க வரேலுமே?"

ஜெயகுமாரி குபைனைக் குகதாசனின் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வது? இரும்பின் பிளவில் மாட்டிக்கொண்டிருந்த ஆணி ஒன்று கழன்று தரையில் விழுந்து, உருண்டு, அவர் சப்பாத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஜெயகுமாரி குனிந்து அதை எடுத்தாள். வளைந்திருந்தது. சேலைத் தலைப்பால் அதன் ஈரத்தைத் துடைத்துப் பிஸ்கட் பேணிக்குள் போட்டுவிட்டு, பேணியை மூடினாள்.